திருப்புளியாரும் கண் திறக்காத கம்ப்யூட்டரும்

மனிதர்களில் ஒரு வகையினர் உண்டு. கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்துவிட்டால், உலகத்தில் மூடியிருக்கும் எதையும் மூடியபடி விட்டுவைக்க அவர்களுக்கு மனசு வராது. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறிக்குக் கீழே நின்று காதைச் சாய்த்து, "சத்தம் சரியில்லையே" என்பார்கள். சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிஷம் பின்தங்கினால் அதைக் குப்புறப் படுக்கவைத்து முதுகைத் திறப்பார்கள். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிய பிறகு நாலு ஸ்க்ரூ மிச்சம் இருந்தால், "இது கம்பெனிக்காரன் சும்மா கூடுதலா போட்டது" என்று சொல்லி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பார்கள். அந்த டப்பா உங்கள் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

இவர்களுக்குத் திருப்புளியார் என்று பெயர் வைத்திருக்கிறேன். கையில் திருப்புளி இல்லாத நேரத்திலும் இவர்களை அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். ஒரு பொருள் கெட்டுப்போனால் அதில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் சந்தேகப்படுவார்கள், அதைச் செய்தவனைச் சந்தேகப்படுவார்கள், விற்றவனைச் சந்தேகப்படுவார்கள், மின்சார வாரியத்தைச் சந்தேகப்படுவார்கள். தாங்கள் கை வைத்த அந்த ஒரே ஒரு இடத்தின் மேல் மட்டும் துளிச் சந்தேகம் வராது. அது எப்படி வரும்? அங்கேதான் அவர்களே கை வைத்துவிட்டார்களே.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றுகிறதா? அப்படியானால் எனக்குத் தெரிந்த ஒரு திருப்புளியாரின் வீட்டில் ஒரு சனி, ஞாயிறு என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அவர் லிஃப்ட் கம்பெனியில் பராமரிப்பு மேற்பார்வையாளர். பத்தொன்பது வருஷ அனுபவம். வேலையில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் நின்றுபோனால் குடியிருப்பவர்கள் ஆளாளுக்கு வந்து பட்டனைக் குத்துவதும் கதவைத் தள்ளுவதும் அவருக்கு அறவே பிடிக்காது. எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துப் பாடமே நடத்துவார். "நின்னா நிக்கட்டும். நீங்க கை வைக்காதீங்க. எங்களைக் கூப்பிடுங்க. தெரியாத வேலையில கை வைக்கிறவங்களாலதான் எங்களுக்குப் பாதி வேலையே." அவர் போகும் கட்டிடங்களில் எல்லாம் இதே வாசகத்தைச் சிவப்பு எழுத்தில் அடித்து ஒட்டியிருக்கிறார். சொந்த வீட்டில் ஒட்டவில்லை. வீட்டில்தான் லிஃப்ட் கிடையாதே.

அவர் மனைவி வீட்டிலிருந்தே கட்டிட வரைபடம் போட்டுக் கொடுப்பவர். படுக்கையறை ஜன்னலோரத்தில் ஒரு மேஜை, அதன் மேல் பெரிய திரை, மேஜைக்கடியில் கறுப்புப் பெட்டியாக அந்தக் கம்ப்யூட்டர். அப்போது ஒரு மழலையர் பள்ளிக்கு வரைந்துகொண்டிருந்தார். நாலு மாத வேலை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக் குழு கூடுகிறது. அதற்குள் முழு வரைபடமும் போய்ச் சேர வேண்டும். கடைசி ஒன்பது நாளில் அவர்கள் கேட்ட மாற்றங்கள் எல்லாம், கதவுகளைத் தள்ளி வைத்தது, கழிவறைத் தொட்டியை மூன்று வயசுக் குழந்தைக்கு எட்டும்படி இறக்கியது, எல்லாம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன.

பெட்டிக்கு வயசாகிவிட்டது. அந்தச் சனிக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னால் சாப்பிடும்போது அந்த அம்மா போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "இப்பல்லாம் மாடிப்படியை இந்தப் பக்கம் திருப்பிப் பாக்கலாம்னா, அது திரும்பறதுக்குள்ள நான் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வந்துடலாம்."

உங்களுக்கும் எனக்கும் இது சும்மா ஒரு பேச்சு. திருப்புளியார் காதில் அது அழைப்பிதழாக விழுந்தது.

ஒரு வாரம் போனில் வீடியோ பார்த்தார். குளியலறைக்குப் போகும்போதுகூட யாரோ ஒருவர் கம்ப்யூட்டரைப் பிரித்துக் காட்டும் சத்தம் உள்ளேயிருந்து கேட்டது. கடைக்குப் போய் இரண்டு புது மெமரி வாங்கிவந்தார். மெமரி என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை. சாக்லேட் பட்டை மாதிரி நீளமாக, மெல்லிசாக, பச்சைத் தகடு. பெட்டிக்குள் அதற்கென்று நீளவாக்கில் பள்ளம் இருக்கும். பழசை எடுத்துவிட்டுப் புதுசைச் சொருகினால் கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகிவிடும். வீடியோவில் அந்தப் பையன் நாற்பது விநாடியில் செய்து முடித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி பள்ளிக்கூட மனையைப் பார்க்கப் போயிருந்தார். வருவதற்குள் முடித்துவைத்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது இவருடைய ஆசை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் திருப்புளியார்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. கட்டில்மேல் பழைய போர்வையை விரித்து, பெட்டியைச் சாய்த்துப் படுக்கவைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். பழைய மெமரி இரண்டையும் எடுத்து மூக்குக் கண்ணாடிக் கூட்டில் பத்திரப்படுத்தினார். புதுசு இரண்டையும் பள்ளத்தில் வைத்து, புதுப் பொருளாச்சே, ஒடிந்து கிடிந்து போனால் என்ன செய்வது என்று தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல மெல்ல அழுத்தினார். நிமிர்ந்தார். பட்டனைத் தட்டினார்.

விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரை கறுப்பாகவே இருந்தது.

"வந்துடும்," என்றார். அறையில் வேறு யாரும் இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. வரவில்லை. அணைத்துப் போட்டார். மறுபடி அணைத்து, முப்பது வரை எண்ணி, போட்டார். திரையின் பின்பக்கம் தட்டினார். பிறகு விசாரணை ஆரம்பமாயிற்று. முதலில் சந்தேகம் திரைமேல். அதன் கேபிளைக் கழற்றி ஊதி மாட்டினார். அடுத்து சுவரிலிருந்த பிளக். சமையலறைப் பிளக்கில் போட்டுப் பார்க்கலாம் என்று நீள வயரைக் கூடம் வழியாக இழுத்துவந்தார். அப்புறம் தூசி. மனைவியின் தலைமுடி உலர்த்தும் கருவியை எடுத்து, பெட்டியின் வயிற்றுக்குள் கால் மணி நேரம் காற்றடித்தார். எட்டு வருஷத் தூசி கிளம்பி, துவைத்து மடித்துவைத்த தலையணை உறைகள்மேல் போய் உட்கார்ந்தது.

இத்தனைக்கும் நடுவில், பெட்டியின் உள்ளே எல்லாப் பாகங்களையும் பொருத்தியிருக்கும் பலகையின் ஓரத்தில் ஒரு குட்டி ஆரஞ்சு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. குனியும்போதெல்லாம் அது கண்ணில் குத்தியது. என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு துண்டு கறுப்பு டேப்பைக் கிழித்து அதன்மேல் ஒட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நாலரை மணிக்கு மனைவி வந்தார். கூடத்தில் குறுக்கே ஓடிய வயரைத் தாண்டி, படுக்கையறை வாசலில் நின்றார். கட்டில்மேல் தன் நாலு மாத உழைப்பு வயிறு திறந்து கிடப்பதைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல. உனக்கு வேகமா ஓடணுமேன்னு சின்னதா ஒரு வேலை. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு. ஓடத்தான் இல்ல. அது வேற ஏதோ."

இந்த 'அது வேற ஏதோ' இருக்கிறதே, திருப்புளியார் வாயிலிருந்து இது வரும்போது உடனே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் இதன் விரிவுரைதான்.

அந்த அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். "என்ன மாத்தினீங்க?"

"மெமரி."

"பழைய மெமரி இருக்கில்ல? அதை எடுத்து மறுபடி போட்டுப் பாருங்களேன். ஓடுச்சுன்னா புதுசுல ஏதோ சிக்கல்னு தெரிஞ்சிடும்."

இரண்டு நிமிஷ வேலை. அவர் லிஃப்டுக்கு இதைத்தான் செய்வார். புதுசாகப் போட்டது எதுவோ அதை முதலில் கழற்றிப் பார் என்று கீழே வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான். ஆனால் இப்போது மூக்குக் கண்ணாடிக் கூட்டின் பக்கம் கை போகவில்லை.

"அதுல பிரச்சினை இருக்க வாய்ப்பே இல்லம்மா. அது புதுசு. அதை மாட்டினது நான்."

பிறகு மச்சானுக்குப் போன் போட்டார். மச்சான் என்பவர் அந்த அம்மாவின் அண்ணன், அவரும் இதே வகையறா. தூரத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு, பொருளைக் கையால்கூடத் தொடாமல் நோய் சொல்லும் உயர்தரப் பிரிவு.

"விசிறி சுத்துதா மாப்பிள்ளை?"

"சுத்துது மச்சான்."

"அப்ப பவர் சப்ளைதான் போயிருக்கு."

"சுத்துதுன்னு சொன்னேன்."

"சுத்தும். ஆனா முழு மனசோட சுத்தாது. என் ஆபீஸ்ல ஒருத்தருக்கு இதே மாதிரிதான் ஆச்சு. கடைசியில பவர் சப்ளை."

அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள். வீடியோவில் பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் காட்டினார். மச்சான் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து தலையாட்டினார். கடைசியில் இரு நிபுணர்களும் கலந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருவேளை உள்ளே இருக்கும் பழைய விஷயங்கள் புது மெமரிக்கு ஒத்துவரவில்லையோ என்னவோ; வரைபடங்கள் எல்லாம் பதிந்திருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, சுத்தமாக அழித்துவிட்டுப் புதுசாக ஏற்றினால் எல்லாம் சரியாகும்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மா உள்ளே வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அந்த டிஸ்க்கை மட்டும் கழட்டி என் கையில கொடுங்க."

"எதுக்கு?"

"கொடுங்க."

கொடுத்தார். அந்த அம்மா அதை முந்தானையில் துடைத்து, ஒரு துண்டில் சுற்றி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். திருப்புளியார் கொஞ்ச நேரம் திருப்புளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சானிடம், "அப்புறம் கூப்பிடறேன்," என்றார்.

ஞாயிறு காலை எழுந்து வந்தபோது சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் விரித்திருந்தது. அந்த அம்மா நீள ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு மழலையர் பள்ளியைக் கையால் வரைந்துகொண்டிருந்தார். போன மாதம் அச்செடுத்த பழைய பிரதி ஒன்று பக்கத்தில் இருந்தது. அதைப் பார்த்து, மாறிய இடங்களை ஞாபகத்திலிருந்து திருத்தி, ஒவ்வொரு சுவராக ஏற்றிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. கையால் வரைந்து வரைந்து அந்த மணிக்கட்டு வீங்கி, எட்டு வருஷத்துக்கு முன்னால் மருத்துவர் பென்சிலைத் தொடக்கூடாது என்ற பிறகுதான் இந்தக் கம்ப்யூட்டரே வீட்டுக்கு வந்தது. அதை வாங்கி மாடி ஏற்றித் தூக்கிவந்தவர் இவர்தான்.

திட்டியிருந்தால் இவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு ஏதாவது சொல்லலாம், கோபித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகலாம். அந்த அம்மா திட்டவில்லை. ஒரு கோடு இழுப்பார், கையை உதறுவார், அடுத்த கோடு இழுப்பார். "காப்பி பிளாஸ்க்ல இருக்கு," என்றார் நிமிராமல்.

இவர் காப்பியைக் குடிக்கவில்லை. எதிரில் நின்று மூன்று கோடு வரைக்கும் பார்த்தார். நாலாவது கோடு கோணிப்போய், அந்த அம்மா ரப்பரைத் தேடியபோது, உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டார். பெட்டியைப் போர்வையில் சுற்றி இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி வரை திறந்திருக்கும். ஞாயிறன்று அதைத் திறந்துவைப்பதற்குக் காரணம், திருப்புளியார்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதுதான். கடைக்கார அம்மா முப்பத்தைந்து வயசிருக்கும், நெற்றியில் ஒரு விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்பவர். இவருக்கு முன்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மருத்துவமனையில் காத்திருக்கும் அப்பாக்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை.

இவர் முறை வந்தது. "என்ன சார் ஆச்சு?"

"ஆன் ஆகுது. திரையில ஒண்ணும் வரல. பவர் சப்ளையா இருக்கலாம்னு நினைக்கிறேன்."

"கடைசியா என்ன மாத்தினீங்க?"

"மெமரி."

"யார் மாட்டினது?"

திருப்புளியார் கடையின் கூரையைப் பார்த்தார். "எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அப்படியா," என்றார் கடைக்கார அம்மா. அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் தகட்டைக் கழற்றி, கடைத் திரையோடு இணைத்து, மின்சாரம் கொடுத்து உள்ளே குனிந்தார். கறுப்பு டேப் கண்ணில் பட்டது. நகத்தால் உரித்தார். உள்ளே ஆரஞ்சு விளக்கு. "இதை ஏன் சார் மூடி வச்சிருக்கு?"

"கண்ணு கூசுதுன்னு... அவர்தான்."

"இது கோளாறு எங்கன்னு காட்டற விளக்கு சார். பக்கத்துலயே எழுதியிருக்கு பாருங்க." எறும்புக் கால் எழுத்தில் மெமரி என்று பலகையிலேயே அச்சடித்திருந்தது. எங்கே வலிக்கிறது என்று கம்ப்யூட்டர் ஒரு நாள் பூராவும் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. இவர்தான் வாயைப் பொத்திவிட்டார்.

கடைக்கார அம்மா பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு மெமரியின் மேல்முனையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். டக். மற்றதன் முனையிலும் வைத்தார். டக். பட்டனைத் தட்டினார். திரையில் எழுத்து வந்தது.

திருப்புளியார் கிட்டே வந்து படித்தார். டிஸ்க் எதுவும் காணோம் என்று எழுதியிருந்தது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. இன்னும் ஏதோ கோளாறு இருக்கு."

"டிஸ்க் எங்க சார்?"

"என் மனைவிகிட்ட."

"அவங்ககிட்ட எதுக்கு இருக்கு?"

பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் இருமினார்.

கடைக்கார அம்மா தகட்டைப் பூட்டிக்கொண்டே சொன்னார். "அந்தத் தெரிஞ்சவர்கிட்ட சொல்லுங்க சார், மெமரியை மாட்டும்போது ரெண்டு முனையிலயும் சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்தணும்னு. வாரத்துக்கு அஞ்சாறு பேர் வீட்டுக்கு அவர் போயிட்டு வர்றார். ஆளை ஒரு தடவை பாக்கணும்னு எனக்கும் ஆசைதான்."

திரும்பி வரும் வழியில் திருப்புளியார் மனசுக்குள் ஒரு வாக்கியம் தயாரித்தார். பள்ளத்தில் காண்டாக்ட் சரியில்லை, இந்த மாடல் பலகைகளில் இது வழக்கமாக வருகிற குறைதான், நல்லவேளை சீக்கிரம் கண்டுபிடித்தோம். அருமையான வாக்கியம். முதல் மாடி ஏறும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்தார், இரண்டாவது மாடியில் இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை சேர்த்தார்.

கதவைத் திறந்த அந்த அம்மா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன சொன்னாங்க?"

வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. துணிக்கட்டைப் பார்த்தார்.

"நான் சரியா அழுத்தல. அவ்வளவுதான்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, கதவுப் பூட்டு, குழாய் எல்லாம் அவர் கையில் பட்டுச் செத்திருக்கின்றன. இப்படி ஒரு வாக்கியம் அந்த வீட்டில் கேட்டதில்லை. அந்த அம்மா ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து பீரோச் சாவியை எடுத்து நீட்டினார்.

"டிஸ்க்கை மாட்டுங்க. இதை நல்லா அழுத்தி."

மாட்டினார். ஓடியது. மாடிப்படி சொன்ன பேச்சுக்குத் திரும்பியது. மத்தியானம் பூராவும் அந்த அம்மா வரைந்துகொண்டிருக்க, இவர் தலையணை உறைகளை மறுபடி துவைத்தார், வயர்களைச் சுருட்டினார், ஒன்றுக்கு இரண்டு தடவை டீ போட்டுக்கொண்டுவந்து சத்தம் வராமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஆறு மணிக்குள் மழலையர் பள்ளி போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை குழு அதை ஒப்புக்கொண்டது. கழிவறைத் தொட்டியை இன்னும் இரண்டு அங்குலம் இறக்கச் சொன்னார்களாம்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அப்படி நடந்திருந்தால் இந்த வகையினர் எப்போதோ அழிந்திருப்பார்கள். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர் ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் எழுந்திருக்கமாட்டேன் என்கிறது என்று புலம்பியபோது, நம் ஆள் சாய்ந்து உட்கார்ந்து, "முதல்ல நீங்க என்ன மாத்தினீங்கன்னு சொல்லுங்க. மெமரியா? சத்தம் கேக்கற வரைக்கும் அழுத்தினீங்களா? நிறைய பேருக்கு இது தெரியறதில்ல," என்றார். 'நிறைய பேர்' என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மச்சானைக் கேட்டால், அவர் இன்றைக்கும் அது பவர் சப்ளைதான் என்பார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படிக்கும்போது உங்களுக்கு வரிசையாகச் சில முகங்கள் ஞாபகத்துக்கு வந்திருக்கும். சித்தப்பா ஒருவர், மேலதிகாரி ஒருவர், கீழ்வீட்டுக்காரர், கல்யாணமான புதிதில் உங்கள் தையல் மெஷினைப் பிரித்துப்போட்ட ஒருவர். அத்தனை பேரையும் எண்ணிப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு முகம் மட்டும் விட்டுப்போயிருந்தால், எந்த இடத்தின்மேல் திருப்புளியாருக்குச் சந்தேகமே வராது என்று நான் ஆரம்பத்தில் சொன்னதை இன்னொரு தரம் படித்துவிடுங்கள்.

இல்லை, அதெல்லாம் வேண்டாம், இதை இன்னாருக்குப் படிக்கக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றுகிறதா? தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன்னால், உங்களிடம் இதை நீட்டி, "படிச்சுப் பாருங்க, நல்லா இருக்கு" என்று சொன்னது யார், சொல்லும்போது அவர் எதற்காக அப்படிச் சிரித்தார் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள்.